விழுப்புரமும் திண்டிவனமும்: சாலை ஒரு திசை, நீர் ஒரு திசை

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பிரயாணி எவருக்கும் திண்டிவனம், விழுப்புரம் என்னும் பெயர்கள் புதியன அல்ல. திண்டிவனத்தில் பஸ் நின்று செல்லும். விழுப்புரத்தில் ரயில் நின்று செல்லும். இவ்விரு நகரங்களையும் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்து வளர்ந்தவர்களிடம், "உங்கள் ஊர் ஏரி நிரம்பினால் அந்த நீர் எந்த ஊருக்குப் போகிறது? அதற்கப்பால் எங்கே போகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். முதற் கேள்விக்கு விடை கிடைக்கும். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. சாலை எங்கே போகிறது என்பதை நாம் நன்கு அறிவோம். நீர் எங்கே போகிறது என்பதை அவ்வளவாக அறியோம். பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் இவ்விரண்டையும் அறிந்திருக்க வேண்டிய காலம் இது. ஆகவே இப்பகுதியின் பூகோள அமைப்பை இங்கே சற்று விரிவாக எடுத்துரைக்கிறோம்.

தேசப்படம் ஒன்றை எடுத்து, விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி ஆகிய மூன்று ஊர்களையும் கோடிட்டு இணைத்தால் ஏறக்குறையச் சமபக்க முக்கோணம் ஒன்று கிடைக்கும். எந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றின் இடைத்தூரம் 40 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கும். மேற்குப் பக்கத்தில் விக்கிரவாண்டியும் கூட்டேரிப்பட்டும் உள்ளன. தெற்குப் பக்கத்தில் கோலியனூர், வளவனூர், கண்டமங்கலம் முதலிய ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. கிழக்குப் பக்கத்தில், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில், ஓமந்தூரும் கிளியனூரும் உள்ளன. 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக விளங்கிய ராமசாமி ரெட்டியார் பிறந்த ஓமந்தூர் இதுவே. முக்கோணத்தின் உள்ளே மயிலம் மலையும், வானூரும், கல்மரங்களுக்குப் பெயர்பெற்ற திருவக்கரையும் அடங்கும். மேற்கு விளிம்பை ஒட்டி வீடூர் அணை இருக்கிறது. இந்த முக்கோணத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் இனிக் கூறப்போவது எளிதில் விளங்கும்.

ரயில் வளர்த்த ஊரும் சாலை வளர்த்த ஊரும்

இன்று நாம் காணும் விழுப்புரத்தை உருவாக்கியது ரயில் பாதையே. 1870-களில் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் பாதை சென்னையிலிருந்து தெற்கே இறங்கிவந்தபோது இவ்வூரைத் தொட்டது. பின்னர் அது கடலூர், மாயூரம் வழியாகத் தஞ்சைத் தரணியை அடைந்தது. அப்போது பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரிக்கு 1879-ல் இங்கிருந்து கிளைப்பாதை திறக்கப்பட்டது. திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்கு 1891-ல் மற்றொரு பாதை அமைந்தது. 1920-களின் பிற்பகுதியில் விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குக் குறுக்குப் பாதை வந்தது. இவ்வாறு ஐந்து திசைகளிலிருந்து தண்டவாளங்கள் வந்து கூடும் சந்திப்பாக இவ்வூர் வளர்ந்தது. 1960-களில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மீட்டர்கேஜ் பாதையிலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதை முதியோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். இன்று அப்பாதைகள் யாவும் அகலப்பாதைகளாகிவிட்டன.

1919-ல் நகராட்சியான விழுப்புரம், 1993 செப்டம்பர் 30-ஆம் நாள் தென்னாற்காடு ஜில்லா பிரிக்கப்பட்டபோது புதிய ஜில்லாவின் தலைநகராயிற்று. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாகப் பிரிந்து சென்றபின், விழுப்புரம் ஜில்லாவில் 13 பஞ்சாயத்து யூனியன்களும் 688 கிராமப் பஞ்சாயத்துகளும் உள்ளன. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி விழுப்புரம் நகரில் 96,253 பேரும், திண்டிவனத்தில் 72,796 பேரும் வாழ்ந்தனர். ஜில்லாவின் பெரும்பான்மையோர் இன்றும் கிராமங்களிலேயே இருக்கின்றனர் என்பதை இவ்வெண்களிலிருந்து ஒருவாறு உணரலாம்.

திண்டிவனம் வேறு வகையில் வளர்ந்த ஊர். புளிய மரத்திற்கு வடமொழியில் திந்திரிணி என்று பெயர். திந்திரிணி வனமே திண்டிவனமாயிற்று என்பர். இவ்வூர்ச் சிவன் கோயிலிலுள்ள இறைவன் பெயரும் திந்திரிணீஸ்வரரே. இவ்வூரின் ஒரு பகுதியாகிய கிடங்கல், சங்க காலத்தில் ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் கிடங்கில் என்னும் ஊர் என அறிஞர்கள் கூறுவர். இவ்வளவு பழமையிருந்தும், இன்று இவ்வூரை நிலைநிறுத்துவது சாலைகளின் கூட்டுறவே. சென்னையிலிருந்து வரும் பெருவழி இங்கே பிரிகிறது. ஒரு கிளை விழுப்புரம் வழியாகத் திருச்சி, மதுரைக்குச் செல்கிறது. மற்றொன்று புதுச்சேரி, கடலூர் வழியாகக் கடற்கரையோரம் இறங்குகிறது. மேற்கேயிருந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி வழியாக வரும் சாலை இங்கு வந்து முடிகிறது. கிழக்கே மரக்காணத்திற்கு ஒரு சாலை செல்கிறது.

விவசாயிகளுக்குத் திண்டிவனம் பிறிதொரு வகையிலும் அறிமுகமான பெயர். நாடெங்கும் மணிலா பயிரிடுவோர் 'டி.எம்.வி.' என்ற மூன்றெழுத்தைக் கேட்டிருப்பர். அவ்வெழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டு 1940-ல் வெளியிடப்பட்ட டி.எம்.வி. 2 என்னும் கொத்து ரகம், ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல்லாண்டுக் காலம் சாகுபடியில் முன்னணியில் நின்றது. நம் பக்கத்து மக்கள் 'மல்லாட்டை' என்று செல்லமாக வழங்கும் பயிர் ஒன்று, நம் ஊரின் பெயரைத் தாங்கி அயல் மாநிலங்களுக்குச் சென்றது சிறு பெருமையன்று.

நிலத்தின் சரிவு

இனி நிலத்தைப் பார்ப்போம். மேற்கே செஞ்சி மலைகள் நிற்கின்றன. அங்குள்ள கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அம்மலைகளிலிருந்து கிழக்கே கடல் வரையில் நிலம் மெல்லச் சரிந்துகொண்டே செல்கிறது. இச்சரிவு கண்ணுக்குத் தெரியாது. பஸ்ஸில் செல்பவருக்கு எல்லாம் சமதரையாகவே தோன்றும். நீருக்கு மட்டுமே அச்சரிவு நன்கு தெரியும்.

திண்டிவனம், செஞ்சிப் பக்கங்களில் மண்ணுக்குக் கீழே சிறிது ஆழத்திலேயே கடும்பாறை வந்துவிடுகிறது. அப்பாறையின் வெடிப்புகளில் தங்கும் நீரே கிணறுகளில் ஊறுகிறது. ஆகையால் மேலே ஏரியில் நீர் நின்றால் கீழே கிணற்றில் நீர் இருக்கும். ஏரி வறண்டால் கிணறும் விரைவில் வறளும். விழுப்புரத்திற்குத் தெற்கே தென்பெண்ணைக் கரையில் நிலைமை வேறு. அங்கே ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலும் மணலும் ஆழமாகப் படிந்துள்ளன. கிழக்கே வானூர்ப் பகுதியில் செம்மண்ணும் மணற்பாறையும் உள்ளன.

அந்த மணற்பாறையில்தான் திருவக்கரைக் கல்மரங்கள் கிடக்கின்றன. அவை சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. 1781-ல் சொன்னரா என்ற ஐரோப்பிய இயற்கையியலார் அவற்றைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். அம்மரங்களுக்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை. அடிமரங்கள் மட்டுமே கிடைக்கின்றன. அவை அங்கே வளர்ந்தவையல்ல. மேற்கே எங்கோ வளர்ந்து, பெருவெள்ளத்தால் அடித்துக்கொண்டுவரப்பட்டு, மணலில் புதைந்து கல்லானவை என்பது நிலவியலார் கருத்து. மேற்கிலிருந்து கிழக்கே வெள்ளம் வருவது இம்மண்ணில் மனிதன் தோன்றுமுன்னரே நிகழ்ந்த செய்தி.

மூன்று நீர்வழிகள்

முக்கோணத்திலும் அதன் அருகிலும் பெய்யும் மழை மூன்று வழிகளில் கடலை அடைகிறது.

முதலாவது தென்பெண்ணை. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் இவ்வாறு, கிருஷ்ணகிரி அணையையும், 1958-ல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையையும் கடந்து, திருக்கோவலூர் வழியாக விழுப்புரத்தின் தெற்கே ஓடிக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. இதிலிருந்து பிரியும் மலட்டாறு திருவெண்ணெய்நல்லூர், அரசூர்ப் பக்கமாகச் செல்கிறது. தென்பெண்ணையின் குறுக்கே எல்லீஸ் சத்திரம் அருகில் 1949-ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட அணைக்கட்டு, இருகரைகளிலும் வாய்க்கால்கள் வழியாகப் பல ஏரிகளுக்கு நீர் கொடுத்துவந்தது. 2021 நவம்பர் வெள்ளத்தில் அது சேதமடைந்தபோது, ஆற்றில் நீர் கரைபுரண்டு ஓடியும் கரையோர ஏரிகளுக்கு நீர் ஏறாத நிலை ஏற்பட்டது. அதற்குச் சிறிது தூரத்தில் தளவானூரில் 2020-ல் கட்டப்பட்ட புதிய தடுப்பணையின் ஒரு பக்கச் சுவர் 2021 ஜனவரியிலேயே சரிந்தது. ஆற்றை மறிப்பது எளிதன்று என்பதற்கு இவ்விரண்டும் அண்மைக்காலச் சான்றுகள்.

இரண்டாவது சங்கராபரணி. இதனைச் செஞ்சியில் செஞ்சியாறு என்றும், விக்கிரவாண்டிப் பக்கத்தில் வராக நதி என்றும், புதுச்சேரியில் சங்கராபரணி என்றும் வழங்குவர். ஓர் ஆற்றுக்கு மூன்று பெயர்கள் இருப்பதாலேயே, மேலே இருப்பவர் கீழே இருப்பவரைத் தம் ஆற்றின் பங்காளிகளாக நினைப்பதில்லையோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது! தொண்டியாறு, பம்பையாறு முதலியன இதன் துணையாறுகள். வராக நதியும் தொண்டியாறும் கூடும் இடத்தில் 1959-ல் வீடூர் அணை கட்டப்பட்டது. 32 அடி ஆழமும் 60.5 கோடி கன அடி கொள்ளளவும் உடைய அந்த அணையால் பாசனம் பெறும் 3,200 ஏக்கரில் 2,200 ஏக்கர் நம் மாநிலத்தையும், 1,000 ஏக்கர் புதுச்சேரியையும் சேர்ந்தவை.

மூன்றாவது ஆறு என்று சொல்லத்தக்கதன்று. அஃது ஏரிகளின் சங்கிலி. திண்டிவனத்திற்குக் கிழக்கிலும் வானூர்ப் பக்கத்திலும் உள்ள ஏரிகள் ஒன்று நிரம்பி மற்றொன்றுக்கு வழிந்து, இறுதியில் மரக்காணம் அருகேயுள்ள கழுவேலியை அடைகின்றன. இதனைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

இம்மூன்று நீர்வழிகளும் மேற்கிலிருந்து கிழக்காகவோ வடமேற்கிலிருந்து தென்கிழக்காகவோ செல்கின்றன. சென்னையிலிருந்து வரும் ரயில் பாதையும் நெடுஞ்சாலையுமோ வடக்கிலிருந்து தெற்காகச் செல்கின்றன. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு நகரங்களின் வளர்ச்சியும், அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களின் இன்ப துன்பங்களும் இந்தக் குறுக்குவெட்டில் அடங்கியிருக்கின்றன எனலாம். சாலையும் ரயில் பாதையும் வெறும் கோடுகள் அல்ல. தரைமட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டப்பட்ட கரைகள். ஏரிக்கரைக்கு மதகு எப்படியோ அப்படியே இக்கரைகளுக்குப் பாலத்தின் கண்கள். கண்கள் போதுமானவையாகவும் அடைபடாமலும் இருந்தால் நீர் கடந்து செல்லும். இல்லையேல் நெடுஞ்சாலையே ஓர் ஏரிக்கரையாகி, அதன் மேற்கேயுள்ள வயல்கள் ஏரியாகிவிடும்.

2024 டிசம்பரில் நடந்தது

இது வெறும் ஊகமன்று என்பதை 2024-ஆம் ஆண்டு எல்லோருக்கும் உணர்த்தியது. நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. கடந்தும் உடனே நகராமல் இப்பகுதியிலேயே தங்கி மழையைக் கொட்டிற்று. மறுநாட் காலை வரையில் 24 மணி நேரத்தில் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இந்த ஜில்லாவில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே 100 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆண்டின் ஏறக்குறையப் பாதி மழை ஒரே நாளில் இறங்கிற்று.

அதன் அளவை விவசாயிகளின் கணக்கில் கூறுவோம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் நீர் விழுகிறது. 50 சென்டிமீட்டர் என்றால் ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். ஆயிரம் ஏக்கர் பரப்புள்ள கிராமம் ஒன்றின்மீது அன்று விழுந்த நீர் ஏறக்குறைய 7 கோடி கன அடி. அத்தகைய கிராமங்கள் எட்டு ஒன்பதின்மீது விழுந்த நீரைச் சிந்தாமல் ஒன்றுசேர்த்தால் வீடூர் அணையே நிரம்பிவிடும். நம் முன்னோர் ஊருக்கு ஓர் ஏரியும், ஏரிக்கு ஒரு தாங்கலும், தாங்கலுக்கு ஒரு குட்டையும் வெட்டிவைத்தது எதற்காக என்பதை இக்கணக்கு விளக்கும். அவ்வளவு நீரையும் ஓர் அணையாலோ ஓர் ஆற்றாலோ தாங்க இயலாது. அதனைச் சிறு சிறு பங்காகப் பிரித்து, ஆங்காங்கே தடுத்து, மெல்ல மெல்லவே கீழே அனுப்ப வேண்டும்.

இரண்டாவது வெள்ளம் வேறிடத்திலிருந்து வந்தது. புயல் மேற்கே நகர்ந்து, கிருஷ்ணகிரி ஜில்லாவிலுள்ள ஊத்தங்கரையில் டிசம்பர் 2-ஆம் நாள் காலை வரை 50 சென்டிமீட்டர் மழையைப் பெய்தது. அந்நீர் சாத்தனூர் அணைக்கு வந்துசேர, அன்று விடியுமுன் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரத்தில் மழை குறைந்து மக்கள் மூச்சுவிடத் தொடங்கிய நேரத்தில் தென்பெண்ணை பெருகிற்று. மலடு என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய மலட்டாறு கரைபுரண்டு, அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையின் மேலேயே ஓடிற்று. வாகனங்கள் நின்றன. அதே நாளில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதால் பல ரயில்கள் ரத்து செய்யப்பட்டன. சில வேறு வழிகளில் திருப்பிவிடப்பட்டன. வடக்கு தெற்காகச் செல்லும் பெருவழிகள் இரண்டையும் மேற்கு கிழக்காகச் செல்லும் நீர் ஒரே நாளில் நிறுத்திவைத்தது. கரையோரக் கிராமங்களில் நெல்லும் கரும்பும் மணலில் புதைந்தன. வீடுகளையும் கால்நடைகளையும் இழந்த குடும்பங்கள் பல.

நகரம் வெளியே வரும்போது

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் விழுப்புரத்திற்கும் அதனை அடுத்த கிராமங்களுக்கும் இடையே வயல்கள் இருந்தன. இன்று அவ்வெல்லை மறைந்துவிட்டது. சாலாமேடு, வழுதரெட்டி முதலிய ஊர்கள் நகரத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன. கோலியனூர், காணை, விக்கிரவாண்டி யூனியன்களைச் சேர்ந்த பல பஞ்சாயத்துகளில் வயலுக்குப் பக்கத்தில் மனைப்பிரிவுக் கற்கள் நிற்கின்றன. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை முன்பே இருந்தது. 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஒலக்கூர், மயிலம் யூனியன்களிலும் இதே நிலைதான். நெடுஞ்சாலையை ஒட்டிய நிலத்திற்கு விலை ஏறியபின் அங்கே மணிலா விதைப்பவர் குறைவு.

இந்த வளர்ச்சியைத் தடுக்கவேண்டும் என்று எவரும் கூறார். கிராமத்துப் பிள்ளைகள் படிப்பதும், விளைபொருள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு விரைவாகச் செல்வதும், நோயாளி உரிய நேரத்தில் ஆஸ்பத்திரியை அடைவதும் இவ்வளர்ச்சியாலேயே. ஆனால் நகரம் எந்த நிலத்தின்மீது பரவுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். நகரத்திற்கு அருகில் பெரிய, ஒரே பரப்பான, மலிவான நிலம் வேண்டுமென்று தேடுபவர் கண்ணில் முதலில் படுவது ஏரிப் புறம்போக்கு. ஆயக்கட்டு மனைகளாகிவிட்டால் ஏரி எதற்கு என்ற கேள்வி எழுகிறது. விழுப்புரத்தின் புதிய பேருந்து நிலையம் ஏரி இருந்த இடத்தில் எழுந்ததே. பெருமழை பெய்யும் ஆண்டுகளில் நீர் தன் பழைய இடத்தைத் தேடி அங்கு வந்து தேங்குவதைப் பிரயாணிகள் அறிவர். ஏரிக்கு ஆயக்கட்டு இல்லாது போகலாம். ஆனால் அதற்கு மழை இல்லாது போவதில்லை. பாசனத்திற்குப் பயன்படாத ஏரியும் வெள்ளத்தைத் தாங்கும், கிணற்றுக்கு நீர் ஊட்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஏரியைக் காட்டிலும் எளிதில் மறைவது வாய்க்கால். ஏரியின் பரப்பில் ஒரு பிடி மண்கூடக் குறையாதிருக்கலாம். அதற்கு நீர் கொண்டுவரும் வரத்து வாய்க்காலை இரண்டு மனைகள் மறித்தால் போதும், ஏரி வறண்டுவிடும். கலங்கலிலிருந்து கீழேயுள்ள ஏரிக்குச் செல்லும் போக்கு வாய்க்காலை மறித்தாலோ, மேலே வெள்ளமும் கீழே வறட்சியுமாக இரட்டைத் துன்பம் நேரும். நெடுஞ்சாலைப் பாலங்களிலும் இக்குறையைக் காணலாம். சாலைக்கு இப்புறம் பாலத்தின் கண் நன்றாகத் திறந்திருக்கும். அப்புறம் புதிய மனைப்பிரிவுக்காக நாலடி உயரத்திற்கு மண் நிரப்பப்பட்டிருக்கும். கண் திறந்திருந்தும் வாய் மூடியிருக்கிறது. சாலை போட்டவர் மீதும் குற்றமில்லை, மனை வாங்கியவர் மீதும் குற்றமில்லை என்று வழக்கு நீளும். நஷ்டம் மட்டும் மேற்கேயுள்ள வயற்காரருக்கு.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இதிலே பஞ்சாயத்துக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று கேட்கலாம். 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு, மேற்பட்ட ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளன. அதற்குக் குறைந்தவை பஞ்சாயத்து யூனியன் ஏரிகள். துறையின் ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. யூனியன் ஏரிகளையும், குளம் குட்டைகளையும், கிராமத்துள் ஓடும் ஓடைகளையும் முதலில் கவனிக்கவேண்டியவர்கள் ஊராரே. முற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியுடன் சென்று செய்த வேலை இது. 2017-ல் அரசு அப்பெயரையே மீண்டும் எடுத்து, ஆயக்கட்டுதாரர்களைக் கொண்டு ஏரி மராமத்தைத் தொடங்கிற்று. மகாத்மா காந்தி பெயரிலான ஊரக வேலைத் திட்டத்தின் மூலமும் இப்பணி பல ஊர்களில் நடந்திருக்கிறது. ஆனால் அனுபவத்தில் ஒரு குறை காணப்படுகிறது. ஏரியின் நடுவில் தூர் வாருவதில் காட்டும் ஊக்கத்தை, வாய்க்காலின் தலைப்பில் அடர்ந்த சீமைக்கருவேலத்தை வெட்டுவதில் காட்டுவதில்லை. ஏரியைப் பார்ப்பவர் பலர். வாய்க்காலைப் பார்க்க முள்ளுக்குள் நடக்கவேண்டும்!

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும், 'அ' பதிவேடும், புலப்படங்களும் உள்ளன. ஓடை, வாய்க்கால், ஏரி, கலங்கல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அவற்றில் சர்வே எண் உண்டு. கோடைக்காலத்தில் உறுப்பினர்கள் ஓரிருவர் ஒரு முதியவரை உடன் அழைத்துக்கொண்டு, வரைபடத்துடன் வரத்து வாய்க்காலின் தலைப்பிலிருந்து கலங்கல் வரையிலும், அங்கிருந்து அடுத்த கிராமத்து எல்லை வரையிலும் ஒருமுறை நடந்து பார்த்தால், அரை நாளில் அவ்வூரின் நீர்ப் பூகோளம் முழுவதும் விளங்கிவிடும். படத்தில் 20 அடி அகலமாக இருப்பது தரையில் 4 அடியாக இருந்தால் எங்கே, எதனால் என்று குறித்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையையோ ரயில் பாதையையோ கடக்கும் இடத்தில் கண்கள் எத்தனை, எதிர்ப்புறம் திறந்திருக்கிறதா என்பதையும் எழுதிக்கொள்வது அவசியம். பாலத்தின் கண்ணைத் தூர் வாரவேண்டியது நெடுஞ்சாலைத் துறையா, ரயில்வேயா, பஞ்சாயத்தா என்பது மழைக்காலத்தில் விவாதிக்கவேண்டிய விஷயமன்று. ஆனியிலேயே கடிதம் எழுதித் தீர்த்துக்கொள்ள வேண்டியது.

மனைப்பிரிவு விஷயத்தில் பஞ்சாயத்துக்கு நல்ல வாய்ப்பு ஒன்று உண்டு. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். அதன் சாலைகளும் பொது இடங்களும் பஞ்சாயத்துக்கு எழுதிக்கொடுக்கப்பட வேண்டும். அந்நேரத்தில் வரைபடத்தைப் புலப்படத்துடன் ஒப்பிட்டு, வாய்க்கால் விட்டுப்போயிருந்தால் தீர்மானமாக எழுதி அனுப்பினால் அதற்கு மதிப்பு உண்டு. வீடுகள் எழுந்து குடும்பங்கள் குடியேறிய பிறகு எழுதும் தீர்மானம் கண்ணீரையும் வழக்கையுமே வளர்க்கும். 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் ஒன்று மார்ச் 22, உலக நீர் நாள். வாய்க்கால் நடையில் எழுதிக்கொண்ட குறிப்பை அச்சபையில் படித்துப் பதிவு செய்தால், பின்னர் வரும் உறுப்பினர்களுக்கும் அது கையேடாக இருக்கும்.

எல்லையைத் தாண்டிய நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் வளவனூர் நம் மாநிலம். மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரி. கண்டமங்கலம் மீண்டும் நம் மாநிலம். வில்லியனூர் மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வரைந்த இவ்வெல்லைகள், 1954-ல் நிர்வாகமும் 1962-ல் சட்டப்படியான உரிமையும் இந்தியாவுக்கு மாறிய பின்னரும் அப்படியே நிற்கின்றன. ஒரு கிராமத்தின் கலங்கல் ஒரு மாநிலத்திலும், அது வழிந்து செல்லும் வயல் மற்றொரு மாநிலத்திலும் இருக்கும்போது, இரு பக்கத்து விவசாயிகளும் நேரில் பேசித் தீர்த்துக்கொள்வதே பெரும்பாலும் நடைமுறை. வீடூர் நீரில் 1,000 ஏக்கருக்குரிய பங்கு எல்லை கடந்து செல்வதையும் மேலே கண்டோம்.

எஞ்சியிருப்பது கழுவேலி. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில், உப்பளங்களுக்கு முன்பாகப் பரந்து கிடக்கும் இந்த நீர்நிலை, தமிழகக் கடற்கரையில் பழவேற்காட்டிற்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு. 2021 டிசம்பரில் இதன் 5,151 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இதற்கென்று பெரிய ஆறு எதுவும் இல்லை. மேற்கேயுள்ள ஏரிகள் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடி போகும்போது வரும் நன்னீரும், கடலிலிருந்து எடையன்திட்டுக் கழிமுகம் வழியாக ஏறும் உவர்நீரும் இங்கே சந்திக்கின்றன. நன்னீர் குறைந்த ஆண்டில் உவர் மேற்கே ஏறி, சுற்றியுள்ள கிராமங்களின் கிணறுகளைத் தொடுகிறது. நன்னீர் நன்றாக வந்த ஆண்டில் கரையோர நிலங்களில் நெல் விளைகிறது, மீன் பெருகுகிறது, மார்கழி, தை மாதங்களில் நெடுந்தூரத்திலிருந்து பறவைகள் வந்து இறங்குகின்றன. ஒலக்கூர் யூனியனில் ஒரு கலங்கல் அடைபட்டிருந்தால் அதனை முதலில் உணர்பவர், அக்கலங்கலின் பெயரையே கேட்டறியாத மரக்காணத்து விவசாயியாகக்கூட இருக்கலாம்.